நான்கு ரேம், பதில் சொல்லாத கீபோர்ட்: நுவரெலியா ஸ்டூடியோ மெஷின் பற்றிய நிகழ்வு ஆய்வு

நுவரெலியா டவுனில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ ஒன்று எடிட்டிங்குக்குப் புது மெஷின் கட்டியது. ரைசன் 9 9950எக்ஸ் புரொசசர், எக்ஸ்870இ சிப்செட் உள்ள விலை கூடிய மதர்போர்ட், 32 ஜி.பி. ரேம் நான்கு, ஆக 128 ஜி.பி. கட்டியவன் உரிமையாளரின் மருமகன். கைத்திறமை உள்ள பையன். உள்ளே வயர் ஓடிய விதம் பார்க்கவே அழகாக இருந்தது. முறைப்பாடு இரண்டே வரி. சில நாள் மெஷின் ஏறுவதில்லை. ஏறினாலும் பயோஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன் ஓடும் போர்டின் சொந்த மென்பொருளுக்குள், கீபோர்ட் வேலை செய்வதில்லை. விற்ற கடைக்குப் போன் போட்டபோது, இரண்டு கோளாறும் ஒன்றாக வருகிறது என்றால் போர்ட்தான் பழுது, கழற்றி அனுப்புங்கள் என்று சொன்னார்களாம்.

போர்ட் பழுதில்லை. ரேமில் ஒரு சிக்கல், கீபோர்டில் ஒரு சிக்கல். இரண்டுக்கும் பிறப்பில் எந்த உறவும் இல்லை. ஆனால் ரேம் இடறும்போதெல்லாம் மெஷின் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் கீபோர்டின் பதிலுக்காக நின்றது. அந்த நேரத்தில்தான் கீபோர்ட் செத்துக் கிடந்தது. இந்தச் சந்திப்பைப் பிடிக்காமல் இரண்டையும் தனித்தனியாகத் துரத்தியதால்தான் அவர்கள் வீட்டில் இத்தனை நாள் தலைவலி.

வேலை என் கைக்கு வந்தது ஆடி மாதம். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் மெஷினை நிதானமாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. "தம்பி, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தி மெஷின் நிமிர்ந்து நிக்கணும்" என்பது மட்டும்தான் உரிமையாளரின் நிபந்தனை.

போர்டைத் தேர்ந்த கதை

எதை வைத்து இந்தப் போர்டை எடுத்தாய் என்று பையனிடம் கேட்டேன். மூன்று காரணம் சொன்னான். பவர் பேஸ், அதாவது புரொசசருக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் பகுதிகள், நிறைய இருக்கிறது. ரேம் வேகம் 8000க்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. யூ.எஸ்.பி.4 இருக்கிறது.

முதல் காரணத்தில் அரைவாசி உண்மை. 9950எக்ஸின் டி.டி.பி. (கூலரைத் தேர்வதற்குக் கம்பனி தரும் வெப்பக் கணக்கு) 170 வொட்; முழுச் சுமையில் சொக்கெட் வழியாக 230 வொட் வரை இழுக்க அதற்கு அனுமதி உண்டு. அதைத் தாங்கும் பவர் பகுதி வேண்டும்தான். ஆனால் அதை நடுத்தர விலையில் உள்ள ஒழுங்கான போர்டும் தாங்கும். அதற்கு மேல் போகிற பேஸ் எல்லாம் பெட்டிக்கு அழகு.

யூ.எஸ்.பி.4 விஷயமும் அப்படித்தான். எக்ஸ்870, எக்ஸ்870இ இரண்டிலும் அது கட்டாயம். அதற்கென்று உச்ச விலை மொடலுக்குப் போகத் தேவையில்லை. அதோடு அது சும்மாவும் வருவதில்லை. இந்தப் புரொசசரில் கிராபிக்ஸ் கார்டுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் பயன்படுத்தக்கூடிய லேன் (தரவு போகும் பாதை) மொத்தம் 24. யூ.எஸ்.பி.4 அதில் நான்கைக் கேட்கிறது. அதனால் பல போர்டுகளில் இரண்டாவது எம்.2 இடத்தில் எஸ்.எஸ்.டி. போட்டால் வேறு எதுவோ குறையும்: ஒன்றில் யூ.எஸ்.பி.4 பாதி வேகமாகும், இன்னொன்றில் கிராபிக்ஸ் கார்ட் 16 லேனிலிருந்து 8க்கு இறங்கும். எது குறையும் என்று பெட்டியில் இருக்காது. மெனுவலில் சின்ன எழுத்தில் இருக்கும். எம்.2 மூன்று நான்கு போடப் போகிறவர்கள் காசு கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படிக்க வேண்டும். எக்ஸ்870இ என்றதும் அடியோடு புதிய சிப் என்று நினைப்பதும் தவறு. 2022இல் வந்த எக்ஸ்670இ போர்டில் இருந்த அதே ஜோடிச் சிப்தான் இதிலும் இருக்கிறது.

இரண்டாவது காரணம்தான் வில்லங்கம். பெட்டியில் உள்ள 8000 என்ற எண், பொறுக்கியெடுத்த ரேமைப் போட்டுப் போர்ட் கம்பனி எட்டிய வேகம். ரேமை நடத்துகிற கன்ட்ரோலர் போர்டில் இல்லை, புரொசசருக்குள் இருக்கிறது. அதற்கு ஏ.எம்.டி. எழுத்தில் கொடுக்கும் உறுதி 9950எக்ஸைப் பொறுத்தவரை இவ்வளவுதான்: இரண்டு ரேம் போட்டால் டி.டி.ஆர்.5-5600, நான்கு போட்டால் 3600. எவ்வளவு விலை கொடுத்துப் போர்ட் வாங்கினாலும் இந்த இரண்டாவது எண் உயராது. நான்கு ரேமைப் போட்டுவிட்டு 6000ஐ எதிர்பார்த்த இடத்தில்தான் கதை தொடங்கியது.

அப்படியென்றால் விலை கூடிய போர்ட் வீண் காசா? இல்லை. நான் காசு கொடுப்பது வேறு விஷயங்களுக்கு. மெஷின் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று போர்டின் மூலையில் இரண்டு இலக்கத்தில் காட்டும் சின்னத் திரை. பின்பக்கத்தில் சீமோஸ், அதாவது சேமித்த பயோஸ் அமைப்புகளை, அழிக்கும் பட்டன். புரொசசர், ரேம், கீபோர்ட் எதுவும் இல்லாமல் பென் டிரைவ் ஒன்றை வைத்து பயோஸ் ஏற்றும் பிளாஷ்பேக் பட்டன். பின்னால் உண்மையான யூ.எஸ்.பி. 2.0 துவாரம் குறைந்தது இரண்டு. கொழும்பு பம்பலப்பிட்டியில் கடைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இதெல்லாம் ஆடம்பரம். நம்மவர் போர்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை என்று இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு, மழையில் பாதையில் மண் சரிந்தால் திரும்பி வரும் நாள் தெரியாமல் நிற்க வேண்டும். விழுந்த மெஷின் தனக்கு என்ன நடந்தது என்று தானே சொல்ல வேண்டும். மலைநாட்டில் போர்ட் எடுப்பதற்கு என்னுடைய முதல் அளவுகோல் இதுதான். பையன் வேறு காரணத்துக்காக எடுத்திருந்தாலும், அவன் எடுத்த போர்டில் இந்த நான்கும் இருந்தன. கேஸ் முடிந்ததும் அவற்றால்தான்.

"ஏறாது" என்றால் என்ன?

வீட்டார் "ஏறாது" என்று ஒரே சொல்லில் சொன்னது இரண்டு வேறு நிலைகள். ஒன்று, திரை கறுப்பு, இலக்கத் திரையில் 15, பக்கத்தில் ரேமுக்கான செம்மஞ்சள் விளக்கு. மற்றது, திரையில் எழுத்து வந்து நிற்பது.

முதல் நிலை பெரும்பாலும் கோளாறே இல்லை. டி.டி.ஆர்.5 ரேம் புதிதாகப் போட்டதும், பயோஸ் மாற்றியதும், சீமோஸ் அழித்ததும் போர்ட் ஒவ்வொரு ரேமோடும் சிக்னல் நேரத்தைச் சரிபார்த்துப் பொருத்திக்கொள்ளும். டிரெய்னிங் என்பார்கள். 128 ஜி.பி.க்கு அது பல நிமிடம் எடுக்கும். அதுவரை திரையில் ஒன்றும் வராது. மின்விசிறி சுற்றும், விளக்கு எரியும், மனுஷனுக்குப் பொறுமை போகும். உரிமையாளர் இரண்டு நிமிடத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவார். அணைத்துப் போட்டால் டிரெய்னிங் மறுபடி முதலிலிருந்து. "அண்ணே, தேத்தண்ணி ஒன்று போட்டுக் குடித்துவிட்டு வாங்க, அதுவரை கை வைக்கவேண்டாம்" என்று சொல்லித்தான் முதல் முறை அதை முடியவிட்டோம்.

இரண்டாவது நிலைதான் உண்மையான கோளாறு. டிரெய்னிங் சில முறை தோற்றதும் போர்ட் எக்ஸ்போ வேகத்தை (ரேம் கம்பனி சோதித்துக் குறித்துவைத்த கூடிய வேகம், இங்கே 6000) கைவிட்டுப் பாதுகாப்பான வேகத்தில் எழும். எழுந்து, முந்தைய அமைப்பில் ஏற முடியவில்லை, பயோஸுக்குள் போக எஃப்1ஐ அழுத்தவும் என்று கேட்டு நிற்கும். இங்கேதான் எஃப்1ஐக் குத்துகுத்து என்று குத்தியும் அசையாது. பிறகு அணைத்துப் போடுவார்கள். மறுபடி டிரெய்னிங், மறுபடி தோல்வி, மறுபடி எஃப்1. விண்டோஸ் வரை போகும் நாட்களில் அதே கீபோர்ட் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்ததால், கீபோர்டை யாரும் சந்தேகிக்கவில்லை.

கீபோர்ட்

விளையாட்டுக்காரர்கள் வாங்கும் மெக்கானிக்கல் கீபோர்ட் அது. வானவில் விளக்கு, நொடிக்கு 8000 முறை செய்தி அனுப்பும் வசதி, எத்தனை விசையை ஒன்றாக அழுத்தினாலும் பதியும் வசதி. அது செருகியிருந்தது மொனிட்டரின் யூ.எஸ்.பி. ஹப்பில், மொனிட்டர் போய்ச் செருகியிருந்தது போர்டின் யூ.எஸ்.பி.4 துவாரத்தில்.

பயோஸ் கட்டத்தில் கீபோர்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. கேப்ஸ் லாக் விசையை அழுத்த வேண்டும். கேப்ஸ் லாக் விளக்கைக் கீபோர்ட் தானாக ஏற்றுவதில்லை. மெஷின் சொன்னால்தான் அது எரியும். வானவில் விளக்கு எரிவது மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. எஃப்1 திரையில் கேப்ஸ் லாக்கை அழுத்தினோம். விளக்கு அசையவில்லை.

ஹப்பை விட்டு நேராக யூ.எஸ்.பி. 2.0 துவாரத்தில் செருகினோம். அப்போதும் இல்லை. ஸ்டூடியோ மூலையில் தூசி பிடித்துக் கிடந்த பழைய சாதாரணக் கீபோர்டை அதே துவாரத்தில் செருகியதும் கேப்ஸ் லாக் எரிந்தது, எஃப்1 வேலை செய்தது, பயோஸ் திறந்தது. அந்த நிமிடத்தோடு போர்ட் பழுது என்ற பேச்சு முடிந்தது.

விண்டோஸ் வருவதற்கு முன் பயோஸுக்குத் தெரிந்தது யூ.எஸ்.பி. கீபோர்டின் மிக எளிய பேச்சு மட்டும்தான். அந்த முறையில் ஒவ்வொரு செய்தியும் 8 பைட்: ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவற்றுக்கு ஒன்று, வெறுமையாக ஒன்று, அழுத்திய விசைகளுக்கு ஆறு. ஆகக்கூடியது ஆறு விசை. எல்லா விசையையும் ஒரே நேரத்தில் சொல்லும் கீபோர்ட், பயோஸ் கேட்டதும் இந்த எளிய முறைக்கு இறங்கிவர வேண்டும். சில மொடல்கள் ஒழுங்காக இறங்குவதில்லை. பல கீபோர்டுகளில் இதற்கென்றே எஃப்.என். விசையோடு சேர்த்து அழுத்தும் ஒரு மாற்று உண்டு. சிலவற்றில் பின்னால் சின்ன சுவிட்ச் இருக்கும். இந்தக் கீபோர்டை ஆறு விசை முறைக்கு மாற்றி, 8000ஐ 1000 ஆக்கியதும் யூ.எஸ்.பி. 2.0 துவாரத்தில் அதுவும் வேலை செய்தது. மறுபடி மொனிட்டர் ஹப்பில் செருகினால் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. ஆகவே இங்கே கோளாறு இரண்டு அடுக்கு: கீபோர்டின் முறை ஒன்று, போகிற வழி மற்றது. பயோஸில் ஃபாஸ்ட் பூட்டையும் நிறுத்தினோம். அது நேரத்தை மிச்சம் பிடிக்க யூ.எஸ்.பி. பொருட்களை எழுப்பாமலே தாண்டிப் போகக்கூடியது.

ரேம்

பயோஸுக்குள் போக முடிந்த பிறகு மிச்சம் எல்லாம் ஒழுங்குமுறையான வேலை. நான்கு ரேமையும் கழற்றினோம். ஒவ்வொன்றாக ஏ2 இடத்தில், பிறகு பி2 இடத்தில் போட்டு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டினோம். புரொசசர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும் அந்த இடங்கள். இரண்டு ரேம் மட்டும் போடுவதென்றாலும் இவற்றில்தான் போட வேண்டும். எல்லா ரேமும் இரண்டு இடத்திலும் தேறின. இதனால் ரேம், போர்ட் இரண்டின் மேலும் இருந்த சந்தேகம் கழிந்தது. ஒரு சேனல் முழுதும் செத்திருந்தால் புரொசசரைக் கழற்றி சொக்கெட் ஊசிகளைப் பார்த்திருப்போம், கூலர் திருகாணி ஒரு பக்கம் அதிகம் இறுகியிருக்கிறதா என்றும் பார்த்திருப்போம். அதற்குத் தேவை வரவில்லை.

ஜோடி ஜோடியாகப் போட்டால் எக்ஸ்போ 6000 இரண்டு ஜோடியிலும் நின்றது. நான்கையும் போட்டதும் விழுந்தது. உள்ளே உள்ள பாகங்களின் விவரம் காட்டும் சி.பி.யு.-இசட்டில் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரிந்தது. இரண்டு பெட்டியிலும் ஒரே பெயர், ஒரே மொடல் எண். உள்ளே உள்ள மெமரி சிப் ஒரு பெட்டியில் ஒரு கம்பனி, மற்றதில் வேறு கம்பனி. இது ஏமாற்று வேலை இல்லை. எக்ஸ்போ உத்தரவாதம் ஒரு பெட்டிக்குள் ஒன்றாக வந்த ரேம்களுக்கு மட்டும்தான். இரண்டு பெட்டியைச் சேர்த்து யாரும் சோதித்து விற்பதில்லை. பையன் "அண்ணா, ரெண்டும் ஒரே ரேம்தானே" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ஸ்டிக்கர்தான் தம்பி ஒன்று.

குளிர் சேர்ந்த கதை இதற்குப் பிறகுதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஆடிமாதக் காற்றும் மழையும் அடிக்கும் காலையில், பூட்டிக் கிடந்த ஸ்டூடியோவுக்குள் கை விறைக்கும். காலையில் ஏற மறுக்கும் மெஷின் பத்துப் பதினொரு மணிக்கு மேல் ஏறுவதை வீட்டார் கவனித்திருந்தார்கள். ஈரம் என்று நினைத்து ஹேர் டிரையர் கூடப் பிடித்திருக்கிறார்கள். பயோஸில் மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோர் என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை செய்த டிரெய்னிங்கின் முடிவைச் சேமித்து, அடுத்த முறை டிரெய்னிங் இல்லாமல் அதையே எடுத்துப் போடும் அமைப்பு அது. சூடாக ஓடிய மெஷினில் எடுத்த அளவு விறைத்த காலைக்குப் பொருந்த வேண்டும். விசாலமான இடைவெளி இருந்தால் பொருந்தும். நான்கு ரேம் 6000இல் நூலிழையில் தொங்கும்போது பொருந்தாது. அந்த அமைப்பை நிறுத்தியதும் காலை மாலை வித்தியாசம் போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் முழு டிரெய்னிங், ஒவ்வொரு முறையும் காத்திருப்பு. நிறுத்தியதால் 6000 நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை. விண்டோஸ் வந்து ரெண்டர் நடுவில் நீலத்திரை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நான்கு ரேமையும் 4800க்கு இறக்கி இரவு முழுதும் மெம்டெஸ்ட் ஓட்டினால் ஒரு பிழையும் இல்லை. புரொசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் பிரைம்95 ஓட்டியதும் பிழை. மெம்டெஸ்ட் சுத்தம் என்பது ரேம் சிப் நல்லது என்பதற்குச் சான்று. புரொசசரும் கன்ட்ரோலரும் முழுச் சுமையில் இருக்கும்போது அதே ரேம் நிற்கும் என்பதற்குச் சான்றல்ல. எடிட்டிங் மெஷினுக்கு இரண்டு சோதனையும் வேண்டும். கடைசியில் 3600இல் இரண்டும் தேறின. ஏ.எம்.டி. எழுதிவைத்திருக்கும் அதே எண்.

3600 என்றதும் பையனின் முகம் வாடியது. கணக்குப்படி 6000இல் நொடிக்கு 96 ஜி.பி. போகும் பாதை 3600இல் 57.6 ஜி.பி. ஆகிறது, சின்னக் குறைவில்லை. ஆனால் ஒரே கல்யாண டைம்லைனை இரண்டு விதத்திலும் ஏற்றுமதி செய்து பார்த்தபோது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வேலையில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுடையது. ரேம் பாவனை 64 ஜி.பி.யைத் தாண்டியது எடிட்டிங் மென்பொருளின் ஃபியூஷன் பகுதியில் தலைப்பு வேலை செய்யும்போது மட்டும்தான். இதைப் பார்த்த பிறகுதான் முடிவுக்கு வர முடிந்தது: சீசனுக்கு நான்கும் 3600இல் ஓடட்டும், வசதி வரும்போது 48 ஜி.பி. இரண்டு கொண்ட ஒரே பெட்டிக்கு மாறலாம். 96 ஜி.பி. அவர்கள் வேலைக்குத் தாராளம். புதிதாக மெஷின் கட்டுபவர்களிடம் நான் சொல்வதும் இதுதான். நான்கு இடம் இருக்கிறது என்பதற்காக நான்கையும் நிரப்பத் தேவையில்லை. பிறகு இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வாங்கும் பழைய கணக்கு டி.டி.ஆர்.4 காலத்தோடு போய்விட்டது.

பயோஸ் புதுப்பித்தது

இதை வேகமாகச் சொல்லிவிடலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் விண்டோஸில் டிஸ்கைப் பூட்டும் பிட்லொக்கர் இருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி எடுத்தோம். விண்டோஸ் 11 பல மெஷின்களில் கேட்காமலே டிஸ்கைப் பூட்டிவைக்கிறது, பயோஸ் மாறியதும் எண்ணைக் கேட்கும். அப்புறம் யூ.பி.எஸ். மரக்கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போகிற பருவத்தில் யூ.பி.எஸ். இல்லாமல் பயோஸில் கை வைக்கக்கூடாது. புதுப்பித்ததும் திரையில் அந்தப் பூட்டின் சாவியை வைத்திருக்கும் எஃப்.டி.பி.எம். பற்றி ஒய் (Y) அல்லது என் (N) அழுத்தச் சொல்லி ஒரு கேள்வி வந்தது. ஒய் அழுத்தினால் பூட்டின் சாவி அழிந்துபோகும். இதற்கும் பயோஸ் கட்டத்தில் பேசக்கூடிய கீபோர்ட் வேண்டும். பழைய கீபோர்டில் என் (N) அழுத்தினோம். ரேம் கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போகும் எஸ்.ஓ.சி. வோல்டேஜ் 1.3 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்றும் பார்த்தோம். 2023இல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி புரொசசர்கள் எரிந்த பிறகு வந்த எல்லை அது.

எழுத்து விழாத கீபோர்ட்

நான் போவதற்கு முன்பே பயோஸ் சிக்கலுக்கு மாற்றாக அவர்கள் வயர் இல்லாத கீபோர்ட் ஒன்று வாங்கியிருந்தார்கள். அதில் வேறு வியாதி. அல்பத்தில் பெயர் அடிக்கும்போது எழுத்து விழாமல் போகும். ஸ்டூடியோவில் பாமினி முறையில்தான் அடிப்பார்கள்; அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தனி விசை. அந்த ஒரு விசை விழாவிட்டால் செல்வி என்ற மணமகள் செலவி ஆகிவிடுவாள். அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை மாமியார் வீட்டாரே பிடித்திருக்கிறார்கள்.

கீபோர்டின் சின்ன ரிசீவர் பின்பக்கத்தில், வெளி எஸ்.எஸ்.டி. செருகிய யூ.எஸ்.பி. 3 துவாரத்தை ஒட்டி இருந்தது. யூ.எஸ்.பி. 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012இலேயே எழுதியிருக்கிறது. வயர் இல்லாத கீபோர்ட் பேசுவதும் அதே பகுதியில். கெமரா காட்சி நகலாகும் நேரத்தில் மட்டும் எழுத்து விழாமல் போனது அதனால்தான். ரிசீவரை ஒரு நீட்டிப்பு வயரில் மேசைக்கு மேலே கொண்டுவந்ததும் நின்றுவிட்டது.

ஆவணி சீசன் 3600இலேயே ஓடியது. அதன்பின் கடை நான்கு ரேமையும் எடுத்துக்கொண்டு, மேலதிகக் காசு வாங்கி 48 ஜி.பி. இரண்டு கொடுத்தது. அவை எக்ஸ்போ 6000இல், கான்டெக்ஸ்ட் ரிஸ்டோரும் பவர் டவுனும் (ரேம் சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்கும் அமைப்பு) இயங்கும் நிலையில், காலைக் குளிரிலும் முதல் தடவையே ஏறுகின்றன. பவர் டவுனை நிறுத்திவிட்டு கான்டெக்ஸ்ட் ரிஸ்டோரை மட்டும் போட்டால் நீலத்திரை வர இடமுண்டு, அதனால் இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். மொனிட்டர் ஹப்பில் கீபோர்ட் ஸ்லீப்பிலிருந்து எழாத பிரச்சினை மட்டும் தீரவில்லை. ஸ்லீப்பை நிறுத்திவைத்து, யூ.எஸ்.பி.4 கன்ட்ரோலருக்குப் புது பர்ம்வேர் வரும்வரை கீபோர்ட் பின்னால் யூ.எஸ்.பி. 2.0 துவாரத்தில்தான்.